பள்ளி அணியின் 'இந்தியன்' பெயரை மாற்றச் சொல்லிக் கேட்பது எப்படி?

இரண்டு வருடம் முன்பு அக்டோபரில், ஐந்தாம் வகுப்பு படித்த என் மகள் தலையில் காகிதப் பட்டையோடு பள்ளியிலிருந்து வந்தாள். பட்டையில் சாயம் தோய்த்த கோழி இறகுகள் ஒட்டியிருந்தன. அந்த வாரம் பள்ளி அணிக்குப் பெரிய ஆட்டம், அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் இது. "எல்லாருக்கும் மூணு இறகும்மா. எனக்கு மட்டும் அஞ்சு. நான் நிஜமாவே இந்தியன் இல்லியா, அதனால டீச்சர் அதிகமா குடுத்தாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நாங்கள் இருப்பது ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரம் தெற்கே. ஊர் உயர்நிலைப் பள்ளி அணியின் பெயர் 'இந்தியன்ஸ்'. ஜிம் தரையின் நடுவில் நீண்ட இறகுக் கிரீடம் வைத்த ஆணின் முகம், பக்கவாட்டில், பத்தடி அகலத்துக்கு. அதன் மேல்தான் பந்து தட்டுகிறார்கள். இதே மாதிரி ஊரில் இருந்துகொண்டு, ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்திடம் போய்ப் பேசலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும்.

முதல் வேலை வீட்டுக்குள்தான். மகளிடம் விளக்க உட்கார்ந்தபோது என் வாயில் வந்த சொல் 'செவ்விந்தியர்'. சின்ன வயதில் திண்டுக்கல்லில் வாடகைக்கு எடுத்துப் படித்த கௌபாய் காமிக்ஸில் பழகிய சொல். அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கொலம்பஸ் ஊர் தெரியாமல் வைத்த பெயர் ஒன்று, தோலின் நிறத்தை வைத்துக் கூப்பிட்டது இன்னொன்று, இரண்டும் அதற்குள் இருக்கின்றன. வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி 1933-இல் சூட்டிக்கொண்டு 2020 ஜூலையில் கைவிட்ட 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரும் 'சிவப்புத் தோல்' என்பதுதான். நம் வாயிலேயே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்தவரை மாற்றச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்லும்போது பூர்வகுடிகள் என்கிறோம் இப்போது. தெரிந்த இடத்தில் அந்தந்த மக்களின் பெயரையே சொல்கிறோம்: வையண்டாட், ஷானி, மயாமி, லெனாப்பே. பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், கூட்டத்தில் தடுமாறக் கூடாது.

அடுத்தது, உங்கள் ஊர் யாருடைய மண் என்று தெரிந்துகொள்வது. இதைச் செய்யாமல் வாரியத்துக்குப் போகவே போகாதீர்கள். ஒஹையோவில் இன்று மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி நாடு, அதாவது அமெரிக்காவுக்குள்ளேயே தன்னாட்சியுள்ள பூர்வகுடி அரசு, ஒன்றுகூட இல்லை. 1830-இல் வந்த வெளியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மக்களாக மேற்கே அனுப்பப்பட்டார்கள். கடைசியாகப் போனவர்கள் வையண்டாட் மக்கள். 1843 ஜூலையில், அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், அப்பர் சாண்டஸ்கியிலிருந்து வண்டி கட்டி சின்சினாட்டி வரை வந்து, அங்கிருந்து நீராவிப் படகில் கான்சாஸ் பக்கம் போனார்கள். இப்போது அவர்கள் நாடு ஒக்லஹோமாவில் இருக்கிறது.

அப்பர் சாண்டஸ்கிக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். 1824-இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம், பக்கத்தில் கல்லறைகள். கிளம்பும்போது தங்கள் முன்னோரின் கல்லறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அந்த மண்ணை மெதடிஸ்ட் சபையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 2019 செப்டம்பரில் சபை அதை வையண்டாட் நாட்டிடமே திருப்பிக் கொடுத்தது. 176 வருடம். அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நின்றபோது எங்கள் ஜிம் தரையிலிருக்கும் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கூட்டத்தில் உங்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் "நாங்கள் அவர்களை மரியாதை செய்யத்தானே வைத்திருக்கிறோம்" என்பதுதான். சொல்பவர்கள் பெரும்பாலும் மனதாரவே சொல்கிறார்கள், கோபப்படாதீர்கள். அந்தப் படத்தைக் கிட்டே வைத்துப் பேசுங்கள். நீண்ட இறகுக் கிரீடம் லகோட்டா, ஷையன் போன்ற சமவெளி மக்களுடையது. ஒஹையோவில் வாழ்ந்தவர்களின் அடையாளம் அதுவல்ல. அதிலுள்ள ஒவ்வொரு கழுகு இறகும் ஏதோ ஒரு செயலுக்காக, ஒரு பொறுப்புக்காக ஒருவருக்குக் கொடுக்கப்படுவது. இன்றைக்கும் கழுகு இறகை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. கொலராடோவில் மத்திய அரசின் கழுகுக் களஞ்சியம் இருக்கிறது. இறந்த கழுகுகள் அங்கே போய்ச் சேரும், அங்கீகரிக்கப்பட்ட பூர்வகுடியினர் சடங்குக்காக மனுப் போட்டு வாங்க வேண்டும். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நான் மகளின் காகிதப் பட்டையை மேசை மேல் வைத்து இதைச் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது.

எந்த ஆண்டு இந்தப் பெயர் வந்தது என்பதையும் தேடுங்கள். ஊர் நூலகத்தில் பழைய ஆண்டு மலர்கள் இருக்கும். எங்கள் பள்ளியின் முதல் மலர்களில் அணிக்கு வேறு பெயர். 'தொன்றுதொட்டு' என்று எல்லோரும் சொன்னது நடுவில் வந்ததுதான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆதாரம் என்று எதைக் கொண்டுபோவது? நான் முதல் தடவை சறுக்கியது இங்கேதான். வாஷிங்டன் அணியின் பழைய பெயர், பூர்வகுடிகளைக் கொன்று தலைத்தோலைக் கொண்டுவந்தால் பணம் என்று விலை வைத்த அறிவிப்புகளிலிருந்து பிறந்தது என்று படித்து அப்படியே சொல்லிவிட்டேன். எதிரே இருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் மறுத்தார், அவர் பக்கம் நியாயம் இருந்தது. தலைத்தோலுக்கு விலை வைத்தது உண்மை. 1755-இல் மாசசூசெட்ஸ் காலனி பெனாப்ஸ்காட் மக்களுக்கு எதிராக அப்படி அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பில் 'சிவப்புத் தோல்' என்ற சொல் இல்லை. சொல்லின் பிறப்பு பற்றி ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பிசகு போதும், மீதி நீங்கள் சொல்லும் எல்லாமே சந்தேகத்துக்குள் போய்விடும்.

நிற்கும் ஆதாரம் எது என்றால், ஸ்டெஃபனி ஃப்ரைபர்க் என்ற உளவியலாளரின் ஆய்வுகள். டுலாலிப் மக்களைச் சேர்ந்தவர் அவர். 2008-இல் வெளியான ஆய்வில் பூர்வகுடி மாணவர்களுக்கு இப்படிப்பட்ட சின்னங்களைக் காட்டினார்கள். படங்களைப் பற்றி மாணவர்கள் பெரும்பாலும் நல்ல விஷயங்களையே சொன்னார்கள். இருந்தும் சுயமதிப்பு, தங்கள் சமூகத்தின் மதிப்பு, நாளை நான் என்ன ஆவேன் என்ற கேள்விகளில் அவர்களின் பதில்கள் தாழ்ந்தன. 'மரியாதையான' படமாக இருந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு இதுதான் பதில். அமெரிக்க உளவியல் சங்கம் இந்தச் சின்னங்களை நிறுத்தச் சொல்லி 2005-இலேயே தீர்மானம் போட்டுவிட்டது.

யாராவது "90 சதவீதப் பூர்வகுடிகளுக்கு இதில் வருத்தமில்லை, பத்திரிகையில் வந்ததே" என்பார்கள். 2016-இல் அப்படியொரு கருத்துக்கணிப்பு வந்தது உண்மை, மறுக்காதீர்கள். 2020-இல் ஃப்ரைபர்க் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடியினரிடம் விரிவாகக் கேட்டபோது, பாதிப் பேர் அளவுக்கு வாஷிங்டன் அணியின் பெயர் புண்படுத்துவதாகச் சொன்னார்கள். சடங்குகளில் அடிக்கடி கலந்துகொள்பவர்களிடம் அது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு எண்ணையும் மேசையில் வையுங்கள்.

அப்புறம் ஒன்று. இது நம்முடைய காயம் இல்லை. என் மகளுக்கு அதிகமாகக் கிடைத்த இரண்டு இறகு என்னை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். பூர்வகுடிச் செயல்பாட்டாளர் சூசன் ஷோன் ஹார்ஜோ 1992-இல் வாஷிங்டன் அணியின் வணிகக்குறியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பிறகு நவஹோ பெண் அமாண்டா பிளாக்ஹார்ஸ் தொடர்ந்தார். கிளீவ்லாந்தின் பேஸ்பால் அணிக்கும் 'இந்தியன்ஸ்' என்றுதான் பெயர் இருந்தது. அதை எதிர்த்து 1972-லேயே வழக்குப் போட்டார்கள், வருடா வருடம் முதல் ஆட்டத்தன்று மைதான வாசலில் நின்றார்கள். பல்லிளிக்கும் சிவப்பு முகச் சின்னம் சட்டையை விட்டுப் போனது 2018 பருவத்தோடு. பெயர் போனது 2021-இல். அத்தனை வருடம் நின்றவர்கள் பின்னால் போய் நாம் நிற்கிறோம்.

அதனால் வாரியத்துக்குப் போகும் முன் கடிதம் எழுதுங்கள். உங்கள் மண்ணிலிருந்து போனவர்களின் நாடுகளுக்கு, அவர்களின் பண்பாட்டு அலுவலகத்துக்கு. "எங்கள் பள்ளியில் இப்படி இருக்கிறது, உங்கள் நிலைப்பாடு என்ன, அதை நாங்கள் வாரியத்தில் வாசிக்கலாமா" என்று மட்டும் கேளுங்கள். ஆளை அனுப்புங்கள், உடையணிந்து வந்து பேசுங்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரு பதில் வர இரண்டு மாதம் ஆனது. காத்திருந்தோம். அந்தக் கடிதத்தை வாசித்த மூன்று நிமிடம்தான் எங்கள் முயற்சியிலேயே கனமான மூன்று நிமிடம்.

"ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு மட்டும் செமினோல்ஸ் என்று வைத்திருக்கிறார்களே" என்று கேட்பார்கள். ஆமாம், ஃப்ளோரிடா செமினோல் நாட்டின் சம்மதத்தோடு. சம்மதம் என்பதுதான் அங்கே முக்கியம், அது திரும்பப் பெறப்படவும் கூடும். அதற்கு ஒஹையோவிலேயே உதாரணம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் ஊரிலுள்ள மயாமி பல்கலைக்கழகம் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரை ஒரு காலத்தில் மயாமி மக்களின் ஒப்புதலோடுதான் வைத்திருந்தது. 1996-இல் அவர்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள், அடுத்த வருடம் அணி 'ரெட்ஹாக்ஸ்' ஆனது. உறவு அதோடு முடியவில்லை. 2001-இல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே மயாமி மக்களின் மொழியான மயாமியாவை மீட்கும் வேலை தொடங்கியது. பேசுவோர் யாருமே இல்லாமல் போன மொழி அது. டேரில் பால்ட்வின் என்பவர் பழைய ஏடுகளிலிருந்து கற்று, தன் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசக் கொடுத்தார். இன்று அந்த மக்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், தங்கள் மொழியைப் படிக்கிறார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் நமக்கு இதன் அருமை தெரியும். வாரியத்தில் நான் மிகவும் ஆசையாகச் சொன்னது இந்தக் கதையைத்தான்.

சரி, பணம். உண்மையில் பாதி எதிர்ப்பு இங்கேதான் இருக்கிறது. ஒஹையோவின் பொது ஆவணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் பள்ளியின் செலவுக் கணக்கைக் கேட்கலாம். ஒவ்வொரு அணியின் ஜெர்சியும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது, ஜிம் தரையை அடுத்து எப்போது இழைத்து மெருகு போடப்போகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். எப்படியும் மாற்றப்போகிற பொருளை மாற்றும்போது புதுச் சின்னத்தோடு மாற்றினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். இதை ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு வாரிய உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். ஆய்வுகளைப் படிக்காதவர்கள்கூட இந்தப் பக்கத்தைப் படித்தார்கள்.

கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆளுக்கு மூன்று நிமிடம். "ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேனே, பேசலாமா" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எங்கள் வாரியம் கேட்டது ஊர் முகவரி மட்டும்தான், குடியுரிமை இல்லை. உங்கள் வாரியத்தின் விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள். எழுதி வைத்து வாசியுங்கள், கடிகாரம் வைத்து வீட்டில் ஐந்தாறு தடவை பழகுங்கள். "நானும் இந்தியன்" என்று தொடங்கத் தோன்றும். வேண்டாம், பேச்சு நம்மைப் பற்றியதாகிவிடும். நான் இப்படித் தொடங்கினேன்: "இந்த மண்ணிலிருந்து 1843-இல் கடைசியாகக் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை வாசிக்க வந்திருக்கிறேன்."

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வாகன நிறுத்தத்தில் என்னிடம் வந்தார். போரில் இறந்த அண்ணனைப் புதைக்கும்போது அவருடைய பள்ளிச் சட்டையையும் உடன் வைத்தார்களாம். "அந்தப் பெயரை அசிங்கம் என்கிறாயே" என்றார். குரல் நடுங்கியது. என்னிடம் தயார் பதில் இல்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டேன், இருபது நிமிடம் பேசினார். பழைய சட்டைகளையும் கோப்பைகளையும் ஊர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைக்க வேண்டும் என்ற வரியை அடுத்த மனுவில் சேர்த்தது அவருக்காகத்தான். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெயரை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். அது மாணவர்களின் வேலை. கிளீவ்லாந்து தன் பாலத்தில் நிற்கும் காவல் சிலைகளிலிருந்து 'கார்டியன்ஸ்' என்று எடுத்துக்கொண்டது. அந்த மாதிரி ஊரிலேயே ஏதாவது கிடைக்கும். வாஷிங்டன் அணி ஒன்றரை வருடம் பெயரே இல்லாமல், வெறுமனே 'கால்பந்து அணி' என்று ஆடியது. ஒன்றும் ஆகிவிடவில்லை.

எங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை. வாரியத்தின் ஐந்து பேரில் மூன்று பேர் ஆதரவில் கிரீடம் வைத்த படத்தை எடுக்கத் தீர்மானம் போட்டார்கள், பெயர் அப்படியே இருக்கிறது. மேயின் மாநிலம் 2019-இல் கொண்டுவந்ததைப் போன்ற தடைச் சட்டம் ஒஹையோவில் இல்லை, அதனால் வாரியத் தேர்தல்தான் வழி. அது ஒற்றைப்படை வருடங்களில் நவம்பரில் வரும். ஓட்டுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் போய்விட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், எங்கள் ஊரில் போன முறை ஒரு இடம் முப்பது ஓட்டில் முடிவானது.

போன கோடையில் ஜிம் தரையை இழைத்தார்கள். மகளும் நானும் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். இயந்திரம் நான்கு தடவை போய் வந்ததும் கீழே வெளிர் மரம் தெரிந்தது. சுவரில் பெயர் இன்னும் இருக்கிறது. அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் திங்கள்கிழமை. பேச ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் நான்கு பேர் பள்ளி மாணவர்கள்.