பெயிண்ட் வாளியின் மூடி: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயிண்ட் வாளிக்கு மூடி வடிவமைக்கிறவர், வரையத் தொடங்கும் முன், பெயிண்ட் அடிக்கும் வேலை நடக்கிற ஒரு வீட்டில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் தாமதமாகத்தான் அப்படி உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் வாளிகளுக்கு அச்சு வடிவமைக்கும் வேலையில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகு, எங்கள் சொந்த வீட்டில் வேலை நடந்தபோது. பெயிண்டர் 20 லிட்டர் எமல்ஷன் வாளியைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, பட்டி பார்க்கும் தகட்டை மூடியின் விளிம்புக்கு அடியில் செருகி நெம்பினார். மூடி அசையவில்லை. அரைச் சாண் தள்ளி இன்னொரு நெம்பு. இப்படி ஏழு இடங்களில் நெம்பிய பிறகு மூடி எழுந்தது. விளிம்பில் ஒரு துண்டும் தெறித்து விழுந்தது. மூடியைத் தரையில் மல்லாத்தி, நனைந்த பிரஷை அதன்மேல் கிடத்தினார். மாலையில் அதே மூடியை வாளியின்மேல் வைத்து ஏறி மிதித்தார். ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் திறந்தபோது பாலில் ஆடை படிவதுபோல் பெயிண்டின்மேல் ஏடு படிந்திருந்தது.

நாங்கள் வடிவமைத்து வந்த மூடிகளும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தலையாய தவறு, புது வாளியை வைத்தே மூடியை எடைபோடுவது. ஆலையில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பார்க்கிறோம், உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறோம், கசியவில்லை என்றால் தேறியது என்று எழுதிவிடுகிறோம். விளிம்பும் மூடியும் அப்போது துடைத்துவைத்ததுபோல் இருக்கின்றன. வீட்டிலோ அந்த மூடி பத்துத் தடவையாவது திறந்து மூடப்படும். இரண்டாம் தடவையிலிருந்தே மூடி அமரும் பள்ளத்தில் பெயிண்ட் காய்ந்திருக்கும். அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்தால் போதும், கவ்வ வேண்டிய விளிம்பு தன் இடத்துக்கு வராது. ஆகவே சோதனையை மாற்றுங்கள். விளிம்பில் பெயிண்டைப் பூசி மூடுங்கள், ஓர் இரவு விடுங்கள், மறுநாள் ஈரக்கையோடு திறக்கச் சொல்லுங்கள். இதைப் பத்து நாள் தொடருங்கள். திறக்கிறவர்களில் கைமூட்டு வலி உள்ள பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

பள்ளம் என்றதும் பழைய தகர டப்பா நினைவுக்கு வருகிறது. மூடி அமரும் வட்டப் பள்ளத்தில் பெயிண்ட் தேங்கும் என்பதால், அனுபவமுள்ள பெயிண்டர்கள் அதில் ஆணியால் நாலைந்து துளை போட்டுவிடுவார்கள். தேங்கியது உள்ளேயே வடிந்துவிடும். தகரத்துக்கு அந்தப் பள்ளம் தேவைப்பட்டது. பிளாஸ்டிக்கில் விளிம்பை நாம் விரும்பியபடி வார்க்கலாம். அப்படியிருந்தும் பழக்கத்தால் அதே பள்ளத்தை வரைகிறோம். வாளியின் வாயை உட்புறம் சரிவாக அமைத்துவிட்டால், பிரஷிலிருந்து வழிவது தானாக உள்ளே திரும்பும்.

அடுத்தது, இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவது. லாரியில் மூடி கழன்றுவிடக் கூடாது என்ற பயத்தில் சுற்றிலும் ஒரே கவ்வலாக வைத்துவிடுகிறோம். 28 செ.மீ. விட்டமுள்ள மூடியின் சுற்றளவு ஏறக்குறைய 88 செ.மீ. அவ்வளவு நீளத்தையும் ஒரே நேரத்தில் விடுவிக்க யாராலும் முடியாது. ஓர் இடத்தில் தொடங்கி வாழைப்பழத் தோல்போல உரித்துக்கொண்டு போக வழி இருந்தால், அதே இறுக்கமான மூடி விரல்களாலேயே திறக்கும். அதற்கு, இரண்டு விரல் நுழைந்து பிடிக்கும் அளவு ஒரு நாக்கு வேண்டும்; அந்த இடத்தில் விளிம்பு சற்று நெகிழ வேண்டும். பல வாளிகளில் அந்த நாக்கு நகம் நுழையும் அளவுக்குத்தான் இருக்கிறது. பட்டித் தகடு வெளியே வருவது அதனால்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழையும் உண்டு. யாரும் முன்பே திறக்கவில்லை என்று காட்டுவதற்காக மூடியைச் சுற்றிக் கிழித்தெடுக்கும் பட்டை வைக்கிறோம். கவ்வும் வேலையையும் அந்தப் பட்டையிடமே விட்டுவிட்டால், அதைக் கிழித்த பிறகு மூடி வெறுமனே மேலே கிடக்கும் தட்டு ஆகிவிடும். காற்றுப் புகாமல் அடைப்பது, கழலாமல் கவ்வுவது, திறக்கப்படவில்லை என்று காட்டுவது ஆகிய மூன்று வேலைகளுக்கும் தனித்தனி அமைப்புகள் வேண்டும். பட்டை போன பின்பும் முதல் இரண்டும் முழுசாக இருக்க வேண்டும்.

மூடிக்கு வரும் மிகக் கடுமையான சோதனை கடையில்தான் நடக்கிறது. நிறம் கலப்பதற்கான அடிப்படைப் பெயிண்ட், நிறமிக்கு இடம் விட்டு, 20 லிட்டர் வாளியில் 18 லிட்டர், 4 லிட்டரில் 3.6 லிட்டர் என்று வருகிறது. கடைக்காரர் மூடியைத் திறந்து நிறமியைச் சேர்த்து, மறுபடி மூடி, குலுக்கும் இயந்திரத்தில் வைக்கிறார். இயந்திரம் மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாளியைத் தலைகீழாகச் சுழற்றுகிறது. அதாவது, ஒருமுறை திறக்கப்பட்ட மூடிதான் இந்த அடியைத் தாங்க வேண்டும். மூடியின் நடுவில் பெயரோ அலங்கார வளையமோ மேடாக எழுந்து நின்றால் பிடிதகடு சமமாக உட்காராது, வாளி ஆடும், விளிம்பு வழியாகப் பெயிண்ட் பீறிடும்.

வெளிநாட்டு வடிவத்தை அப்படியே எடுத்து வருவதும் நம்மிடம் உள்ள பழக்கம். அமெரிக்காவில் டச் பாய் பெயிண்ட் நிறுவனம் 2002-ல் ‘ட்விஸ்ட் அண்ட் போர்’ என்ற சதுரப் பிளாஸ்டிக் கலனைக் கொண்டுவந்தது. திருகு மூடி, ஊற்று வாய், உடலோடு சேர்த்து வார்த்த பிடி. தன் வீட்டுக்குத் தானே பெயிண்ட் அடித்து, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்கிறவருக்கு அருமையான வடிவம் அது. நம் ஊரில் பெரும்பாலும் பெயிண்டர் வாளியை முழுதாகத் திறந்து, குச்சியை விட்டு அடிவரை கலக்கி, சிறு வாளிக்கு மாற்றித் தண்ணீர் சேர்க்கிறார். அவருக்கு 4 அங்குல பிரஷும் கலக்கும் கையும் தாராளமாக நுழையும் வாய் வேண்டும். திருகு மூடிதான் வேண்டும் என்றால், திருகு மறையை அகலமாகவும் குறைந்த சுற்றுகளோடும், பெயிண்ட் வழியும் பாதைக்கு வெளியேயும் வையுங்கள். நெருக்கமான மறையில் பெயிண்ட் காய்ந்தால் பசை வைத்து ஒட்டியது மாதிரிதான்.

சதுரத்தின் ஆசை லாரியிலிருந்து வருகிறது. வட்ட வாளிகளை வரிசையாக அடுக்கினால் தளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் வட்ட மூடி சுற்றிலும் சமமாக அழுத்துகிறது; சதுர மூடி மூலைகளில் இறுகி, நேர்ப் பக்கங்களின் நடுவில் தளர்கிறது. பெரிய வாளிக்கு நான் வட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: எமல்ஷனுக்குப் பாலிப்ரோப்பிலீன் கோபாலிமர் என்ற பிளாஸ்டிக் வகை நன்றாகப் பொருந்துகிறது. கரைப்பான் கலந்த எனாமலைத் தகரத்திலேயே விடுவது நல்லது. பாலிஎத்திலீன் எடுத்தால், எமல்ஷனில் உள்ள சோப்பு போன்ற சேர்மங்கள் இழுவிசையில் இருக்கும் விளிம்பில் நாளடைவில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். அதற்குத் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விலை குறைவு என்று அதே அச்சில் வேறு பிளாஸ்டிக்கை ஊற்றும் தவறு மட்டும் வேண்டாம். சுருங்கும் அளவில் 1 சதவீதம் மாறினால், 28 செ.மீ. மூடியில் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. மூடியும் வாளியும் ஒன்றோடொன்று சேராது.

20 லிட்டர் எமல்ஷன் வாளி 26 முதல் 30 கிலோ எடை இருக்கும். நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடி வாளியின் மூடி ஏறக்குறைய 85 கிலோவைச் சுமக்கிறது, அதுவும் சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட குடோனில், மாதக்கணக்கில். சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் படிப்படியாக வளையும். அந்தச் சுமை மூடியின் நடுவில் இறங்காமல் விளிம்பு வழியாக வாளியின் சுவருக்குப் போகும்படி அடுக்கு வளையத்தை அமைக்க வேண்டும்.

சென்னையில் நிரப்பி மூடிய வாளி ஊட்டிக்கு ஏறும்போது நடப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. உள்ளே அடைபட்ட காற்று விரிய இடமில்லாவிட்டால், 28 செ.மீ. மூடியை உள்ளிருந்து நூறு கிலோவுக்கும் மேலான விசை தூக்கும். மூடியின் நடுத்தகட்டுக்கும் விளிம்புக்கும் இடையே அலைபோன்ற ஒரு மடிப்பு இருந்தால், நடு மட்டும் உப்பி விசையை வாங்கிக்கொள்ளும், விளிம்பு இடம் பெயராது. தட்டையான விறைத்த மூடியில் அந்த விசை முழுவதும் கவ்வலின்மேல்தான் போகும்.

பெயிண்ட் தீர்ந்ததோடு வாளியின் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது கடைசித் தவறு. என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். நம் வீடுகளில் அது கழுவப்பட்டுக் குளியலறையிலோ கொல்லையிலோ தண்ணீர் வாளியாகப் பல ஆண்டுகள் இருக்கிறது. நடக்கப் பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. தண்ணீர் நிறைந்த வாளி சாயவும் சாயாது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் வாளிகளைப் பற்றி இதே காரணத்துக்காக எச்சரித்திருக்கிறது. காகிதத்தில் அச்சிட்டு ஒட்டிய எச்சரிக்கை முதல் கழுவலிலேயே போய்விடும். குழந்தை வாளிக்குள் விழும் எச்சரிக்கைப் படத்தை வாளியின் சுவரிலேயே மேடாக வார்த்துவிடுங்கள். மூடியும், இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் தாய் மற்றொரு கையால் அழுத்தி மூடக்கூடியதாக இருக்கட்டும்.