ஏற்றத்தை மறந்துவிட்டு மோட்டார் வாங்காதீர்கள்

கே.வி. என்றால் குன்னூரில் பலருக்கு, மழைக்காலத்தில் மரம் சாய்ந்து அறுந்துபோகும் 11 கே.வி. மின்கம்பிதான் நினைவுக்கு வரும். ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி காரின் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் மேல் அச்சடித்திருக்கும் கே.வி. வேறு. சுமை எதுவும் இல்லாதபோது, ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. 3000 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் 2எஸ் (இரண்டு செல்) லைப்போ பேட்டரி கொடுத்தால் 22,200 சுற்று; 11.1 வோல்ட் 3எஸ் கொடுத்தால் 33,300. வண்டி ஏற்றத்தில் இழுக்குமா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. முதல்முறை ஆர்சி காருக்கு மோட்டார் வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நானும் விட்டேன். ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள 1/10 அளவு ஃபோர் வீல் டிரைவ் டிரக்குக்கு, 36 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட 4600 கே.வி. மோட்டாரை வாங்கி மாட்டினேன். கோவையில் ஒரு நண்பர் அதே மோட்டாரைத் தன் லேசான ரோடு காரில் போட்டுப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வந்த ஆசை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண் பாதையில், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, ஏற்றத்தில் விட்டேன். நாலாவது நிமிடம் கூட வந்த பையன், "அண்ணா, ஏதோ கருகுற வாடை வருதே" என்றான். பாடியைக் கழற்றினால், மோட்டார் மேல் இருந்த ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு பழுப்பேறியிருந்தது. வயரைப் பற்றவைத்த ஈயம் இளகி, ஒரு வயர் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர்.

காரணம் இதுதான். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது அதுவே எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டைக் கட்டுப்படுத்தும். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அந்தத் தடை குறைந்து கரண்ட் எகிறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் பிறக்கும் சூடு நாலு மடங்கு. வேகமாக ஓடுவதால் மோட்டார் எரிவதைவிட, ஓட முடியாமல் திணறி எரிவதுதான் அதிகம். கனமான வண்டிக்கு 60 அல்லது 70 மி.மீ. நீளமுள்ள, கே.வி. குறைந்த மோட்டார்தான் சரி. இந்த அளவுகள் பெரும்பாலும் பெயரிலேயே இருக்கும்: 3660 என்றால் 36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம்.

அடுத்த தவறு, கியரைத் தொடாமலேயே மோட்டாரை மாற்றுவது. நம் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கு மேல் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவில், நடுவிலிருக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அது குன்னூருக்கு மெதுவாகத்தான் வரும். அந்த வேகத்தைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, ஆனால் அது ஏறிவிடுகிறது. ஆர்சி காரில் அந்த வேலையைச் செய்வது பினியன், அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல் சக்கரம். அதோடு பிணையும் பெரிய சக்கரம் ஸ்பர். 54 பல் ஸ்பருக்கு 18 பல் பினியன் போட்டால் விகிதம் 3, அதை டிஃப்ரென்ஷியலின் விகிதமான 2.6-ஆல் பெருக்கினால் 7.8. பினியனை 14 பல்லாகக் குறைத்தால் மொத்தம் 10. டாப் ஸ்பீடு குறையும், இழுவை கூடும், சூடு இறங்கும். புது மோட்டார் வாங்குகிற காசில் ஒரு சிறு பங்குக்கு மூன்று நாலு பினியன் வாங்கிவிடலாம். அதைச் செய்துபார்க்காமல் மோட்டாரைக் குறை சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

பினியனை மாற்றும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நோட்டுப் புத்தகத் தாள் ஒரு துண்டைக் கொடுத்து, நெருக்கி, மோட்டார் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுத் தாளை உருவுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி. அந்த ஸ்க்ரூவிலும் ஒரு கண் வேண்டும். பழைய ஸ்க்ரூ தொலைந்துவிட்டதென்று கையில் கிடைத்த நீளமானதைப் போட்டால், அது மோட்டாருக்குள் நுழைந்து சுருளின் எனாமலைச் சுரண்டிவிடும். ஒரு பொட்டுச் செம்பு வெளியே தெரிந்தால் போதும், மோட்டாரோடு, அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யும் சேர்ந்து போகலாம்.

சரி, சூட்டை எப்படிப் பார்ப்பது? மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி மோட்டாரின் உலோகத்தை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். பாடியைத் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் போகப் போக உள்ளே சுழலும் ரோட்டரில் இருக்கும் காந்தம் வலுவிழக்கும் ஆபத்து உண்டு, இழந்த வலு திரும்பாது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானிகளில் பல, உடல் சூட்டைத் தாண்டினாலே கையை விரித்துவிடும். பட்டறைகளில் வைத்திருக்கும் வகைதான் வேண்டும்.

'ஊட்டி குளிரில் மோட்டார் தானாக ஆறிவிடும்' என்று ஒரு நம்பிக்கை இங்கே சுற்றுகிறது. பாதி உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் காற்று குறைவு, அதனால் குளிர் தருகிற லாபத்தில் ஒரு பகுதி இங்கே கழிந்துவிடும். இதே மெல்லிய காற்றால், எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் சக்தி இழக்கும், எரிபொருள்-காற்றுக் கலவையைத் திருத்த வேண்டியிருக்கும். அதைக் கேட்டுவிட்டு 'மலைக்கு இன்னும் பெரிய கே.வி. வேண்டும்' என்று மின் மோட்டாருக்கும் பொருத்திப் பேசுவார்கள். மின் மோட்டார் மூச்சு வாங்குவதில்லை. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

குளிர் உண்மையில் பாதிப்பது லைப்போவை. உறைபனி விழும் ஜனவரி காலையில் பேட்டரியின் உள் தடை கூடி, த்ராட்டில் கொடுத்ததும் வோல்டேஜ் தொப்பென்று விழும். செல்லுக்கு 3.2 வோல்ட் அளவில் இ.எஸ்.சி. வண்டியை நிறுத்திவிடும். உடனே சிலர் அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள், அல்லது நிக்கல் பேட்டரி என்று செட்டிங்கை மாற்றுகிறார்கள். பேட்டரி உப்பிப் போவதற்கு இது நேர்வழி. ஓட்டும்வரை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பேட்டரி மேல் போட்டிருக்கும் 'சி' எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 5000 எம்.ஏ.ஹெச். (5 ஆம்பியர்-மணி), 50சி என்றால் ஐந்தை ஐம்பதால் பெருக்கி, கணக்குப்படி 250 ஆம்பியர். மலிவான பேட்டரி அதைத் தொடர்ந்து கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

சென்சார் வேண்டுமா என்பதை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சென்சார் இல்லாத மோட்டார் நின்ற நிலையில், ரோட்டர் எங்கே இருக்கிறது என்று இ.எஸ்.சி.க்குத் தெரியாமல் தடுமாறும். சமதளத்தில் ஒரு சின்ன உதறலோடு கிளம்பிவிடும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுத்தால் கடகடவென்று நடுங்கி நிற்கும், அந்த நேரமெல்லாம் சூடு. ஏற்ற இறக்கமான ட்ராக்குக்கு நான் சென்சார் உள்ளதைத்தான் சொல்வேன். அதில் ஏ, பி, சி வயர்களை இ.எஸ்.சி.யில் அதே வரிசையில் மாட்ட வேண்டும். சென்சார் இல்லாததில் வண்டி பின்னால் போனால் எந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடலாம். அந்தப் பழக்கத்தில் சென்சார் மோட்டாரிலும் கை வைத்துவிடாதீர்கள்.

இ.எஸ்.சி. வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியரைவிட, எத்தனை செல்லுக்கு எவ்வளவு கே.வி. அல்லது எத்தனை டர்ன் (சுருளில் கம்பி சுற்றிய எண்ணிக்கை) வரை தாங்கும் என்ற சின்ன எழுத்து முக்கியம். 2எஸ்ஸில் தாங்குகிற மோட்டாரை 3எஸ்ஸில் தாங்காமல் போகலாம்.

பந்தயத்துக்கென்று வாங்குவதாக இருந்தால், முதலில் விதியைக் கேளுங்கள். 17.5 டர்ன், 13.5 டர்ன் என்று வகுப்பு பிரித்திருப்பார்கள். ஸ்டாக் வகுப்புகளில் பெரும்பாலும் இ.எஸ்.சி.யில் டைமிங் (கரண்டை முன்கூட்டியே மாற்றி வேகத்தைக் கூட்டும் செட்டிங்) பூஜ்யமாக இருக்க வேண்டும். டர்ன் குறையக் குறைய வேகம் கூடும். 4600 கே.வி. மோட்டாரோடு அங்கே போய் நின்றால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

இறக்கத்துக்கும் ஒன்று. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் செங்குத்தாக இறங்கும் கல்லட்டிச் சாலையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வெளியூர் வண்டிகளின் கதைதான் இங்கேயும். த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் டிராக் பிரேக்கை அதிகமாக வைத்துக்கொண்டு நீளமான சரிவில் இறங்கினால், இ.எஸ்.சி. அங்கேயும் சூடாகும். அதைக் குறைத்துவிட்டு, தேவைப்படும்போது விரலால் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

அப்புறம் மூடுபனி. 'வாட்டர் ப்ரூஃப்' என்று விற்கிற இ.எஸ்.சி.யிலும் ஃபேனுக்கு அந்த உத்தரவாதம் பெரும்பாலும் இருக்காது. ஓட்டி முடித்ததும் சென்சார் பிளக்கைக் கழற்றி உதறி, மோட்டாரைத் துணியால் துடைத்து, இரண்டு பேரிங்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, வண்டியை அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு.