கடையை மூடினாலும் லீஸ் முடியாது: இயந்திரக் குத்தகையை இடையில் முடிக்கும் வழி

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை, நாகர்கோவிலில் பல் மருத்துவமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பட்டறை. தொழில் எதுவானாலும், லீசுக்கு எடுத்த இயந்திரத்தை வேண்டாம் என்றதும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை.

முதல் வேலை: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

குறைந்தபட்சக் காலம், முன்கூட்டியே முடிப்பதற்கான விதி, தகராறு எந்த ஊரில் தீர்க்கப்படும் என்ற வரி ஆகியவற்றைத் தேடுங்கள். சென்னையிலோ மும்பையிலோ நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்தால், வழக்குக்கான அலைச்சலையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து: நீங்கள் எந்த நிலையில் கையெழுத்திட்டீர்கள்?

இதில் அவசரப்படாதீர்கள். தனி உரிமையாளர் தொழிலில் கடை வேறு, நீங்கள் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. கடையின் பாக்கிக்கு உங்கள் வீடும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டிவரும். கூட்டாண்மை என்றால், 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, முழுத் தொகையையும் ஒரே கூட்டாளியிடம்கூடக் கேட்கலாம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் பொதுவாகக் கடன் அந்த நிறுவனத்தோடு நின்றுவிடும். ஆனால் இயக்குநர் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. மனைவியோ மைத்துனரோ ஜாமீன் போட்டிருந்தால், அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பிறகு கணக்கு

மாத வாடகை 12,000 ரூபாய், காலம் 36 மாதம், 20 மாதம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி 16 மாதத்துக்கு 1,92,000 ரூபாய். லீஸ் நிறுவனம் இதை முழுதாகக் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் தர வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. இயந்திரத்தை விற்றோ வேறொருவருக்கு வாடகைக்கு விட்டோ அவர்களுக்கு வரும் பணத்தையும், முன்கூட்டியே கிடைக்கும் தொகைக்கான தள்ளுபடியையும் கழிக்கச் சொல்லுங்கள். முன்முடிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு.

தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள்

பேச்சுவார்த்தை முடியும்வரை தவணையைக் கட்டுங்கள். பின்தேதியிட்ட காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வரும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் அது குற்ற வழக்காகலாம். முடிப்புத் தொகையை எழுத்தில் கேட்டு, கடிதம் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

உங்கள் இடத்தில் இன்னொரு தொழில்காரரைச் சேர்ப்பது பல வேளைகளில் மலிவான வழி. ஆனால் நிறுவனமும் கையெழுத்திட்டு உங்களை விடுவித்தால்தான் அது செல்லும். இரண்டு பேர் மட்டும் பேசி இயந்திரத்தைக் கைமாற்றினால், அவர் கட்டாத தவணையும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒப்படைக்கும்போது

வரிசை எண் தெரியும்படி படம் எடுங்கள். இயந்திரத்தின் நிலையைக் குறிப்பிட்ட ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். மீதிக் காசோலைகளையும், வங்கித் தானியங்கிப் பிடித்தத்தின் ரத்தையும், ‘பாக்கி இல்லை’ சான்றையும் கேட்டுப் பெறுங்கள். அந்தச் சான்றில் ஜாமீன்தாரர் பெயரும் இருக்க வேண்டும்.

பேச்சு முறிந்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள் வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி பெறலாம்.