காரின் முன்பக்கம் நடந்து போகிறவரைக் காக்குமா? வீட்டு வாசலிலேயே சோதிக்கும் முறை

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்கள் அனைவரும் கார் மோதி இறந்தவர்கள் அல்லர். லாரி, பேருந்து, இருசக்கர வாகனம் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ஆயினும், மோதிய பிறகும் எதிரில் இருப்பவர் உயிர்பிழைக்கும்படி வண்டியின் முகப்பையே வடிவமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி நம் நாட்டில் கார்களுக்கு உண்டு என்பதும், அதை வண்டியின் உரிமையாளரே ஒரு பிற்பகலில் அறியாமல் பாழாக்கிவிட முடியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த விதி எதை அளக்கிறது, அதே அளவை நம் காரில் எப்படிப் பார்ப்பது, எவற்றைக் கழற்ற வேண்டும், எவற்றைக் கழற்றவே கூடாது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு தையல் டேப், ஒரு சாக்குக்கட்டி, ஒரு டார்ச், ஐந்து சிறு கூம்புகள் பிடிக்கும் அளவு சப்பாத்தி மாவு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதியைப் பார்ப்போம். அதன் பெயர் ஏ.ஐ.எஸ். 100, அதாவது இந்திய வாகனத் தொழில் தரநிலைகளில் 100ஆம் எண். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2008இல் ஏற்கப்பட்ட உலகளாவிய தொழில்நுட்ப விதி 9ஐ அடிப்படையாகக் கொண்டது. புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கு 2018 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2020 அக்டோபர் முதலும் இது கட்டாயமானது. எனவே பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் பதிவுத் தேதியை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், தயாரிக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

சோதனைக்கூடத்தில் முழு மனிதப் பொம்மையை நிற்கவைத்துக் காரால் மோதுவதில்லை. கார் அசையாமல் நிற்க, கால் வடிவம் ஒன்றும் தலை வடிவங்கள் இரண்டும் தனித்தனியாக அதன் மீது ஏவப்படுகின்றன. கால் வடிவம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பம்பரில் மோதும்போது முழங்கால் பக்கவாட்டில் 19 பாகைக்கு மேல் வளையக் கூடாது, மூட்டு 6 மி.மீ.க்கு மேல் நழுவக் கூடாது. 3.5 கிலோ எடையுள்ள குழந்தைத் தலையும் 4.5 கிலோ எடையுள்ள பெரியவர் தலையும் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பானட்டின் மீது விழுகின்றன. தலைக்குள் இருக்கும் உணரி காட்டும் வேகக்குறைவிலிருந்து தலைக்காய அளவெண் ஒன்று கணக்கிடப்படுகிறது. அந்த எண் சோதனைப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் 1,000ஐயும், மீதியில் 1,700ஐயும் தாண்டக் கூடாது. குழந்தைத் தலைக்கான பகுதியைத் தனியாக எடுத்துக்கொண்டால், அதில் பாதியாவது 1,000க்குள் இருக்க வேண்டும்.

இந்த அளவெண் எதனால் 1,000க்குள் அடங்குகிறது, எதனால் அதைத் தாண்டுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வரும் தலை, தகரத்தை அமுக்கிக்கொண்டு 5 செ.மீ. உள்ளே போய், முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வேகம் குறைந்து நின்றால், அளவெண் சுமார் 930 வருகிறது. அதே தலை 2 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் 3,500ஐத் தாண்டுகிறது. தூரம் பாதிக்கும் கீழே குறைய, அளவெண் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நிஜத்தில் எந்தத் தகரமும் அவ்வளவு சீராக அமுங்காது என்பதால் 5 செ.மீ.யைவிடக் கூடுதலான இடம் வேண்டியிருக்கும். ஆக, பானட் தகரம் மெல்லியதா தடித்ததா என்று தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தகரத்துக்குக் கீழே என்ஜினோ பேட்டரியோ குறுக்கிடாமல் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதே கேள்வி. கை வைத்தால் அமுங்குகிறது என்று ஏளனம் செய்யப்படும் பானட்தான் பல நேரங்களில் சரியான பானட்.

இனி டேப்பை எடுங்கள். பம்பரின் முன்முனைக்கு நேர் கீழே தரையில் டேப்பின் ஒரு முனையை ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் அதைப் பம்பரைத் தொட்டு மேலேற்றி, பானட்டின் மீது நேராகப் பின்னோக்கி விறைப்பாக இழுக்க வேண்டும். பள்ளங்களில் டேப்பைத் திணிக்கக் கூடாது. நூல் கட்டியதுபோல் மேட்டிலிருந்து மேட்டுக்குப் போகட்டும். சாதாரணத் தையல் டேப் 150 செ.மீ.தான் வரும் என்பதால் அங்கே ஒரு குறி வைத்துத் தொடர்ந்து அளக்கலாம். 100, 170, 210 செ.மீ. வரும் இடங்களில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். இப்படித் தரையிலிருந்து முகப்பைச் சுற்றி அளக்கும் முறையே விதியிலும் உள்ளது. 100 முதல் 170 வரை குழந்தையின் தலை விழக்கூடிய பகுதி. 170 முதல் 210 வரை பெரியவரின் தலை விழக்கூடிய பகுதி.

சிறிய ஹேட்ச்பேக் கார்களில் இப்படி அளந்தால் 170 கோடு பெரும்பாலும் வைப்பர் அருகிலோ கண்ணாடியின் அடியிலோ போய் விழும். அப்படியானால் பெரியவரின் தலை கண்ணாடியில்தான் மோதும். இந்த விதியின் தலைச் சோதனை பானட்டின் பின்விளிம்போடு முடிந்துவிடுகிறது. கண்ணாடியும், அதன் இருபுறமும் நிற்கும் தூண்களும் சோதனைக்கு வருவதில்லை. விதியின் குறைகளில் இதுவே பெரியது என்பது என் எண்ணம், நடந்து செல்பவர் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் 127ஆம் விதியில் பின்னர் வந்த திருத்தம் கண்ணாடியையும் சோதனைக்குள் கொண்டுவந்திருக்கிறது. உயரமான எஸ்.யு.வி.யில் அளந்தால் நிலைமை வேறு. அங்கே 100 கோடு சில நேரம் பானட்டின் முன்விளிம்பையே ஒட்டி வரும். ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை அந்தக் காரின் முன் நிற்கவைத்துப் பார்த்தால், தலை பானட்டின் மேல் விழ வாய்ப்பே இல்லாமல் நேராகக் கிரில்லுக்கு எதிரே இருப்பது தெரியும்.

அடுத்தது சப்பாத்தி மாவு. என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். வண்டி அணைக்கப்பட்டுச் சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். மாவைச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய, 8 செ.மீ. உயரமுள்ள ஐந்து கூம்புகளாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றுங்கள். என்ஜின் மூடியின் மிக உயர்ந்த இடம், பேட்டரியின் தலை, இருபுறமும் சக்கரங்களுக்கு மேலே எழும்பி நிற்கும் சஸ்பென்ஷன் கோபுரங்கள், வைப்பர் மோட்டார் ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்றாக வையுங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே வைக்க வேண்டாம். பானட்டை ஓங்கி அறையாமல் மெதுவாக மூடி, பூட்டு விழும்வரை அழுத்தி, மறுபடி திறந்து, நசுங்கிய மாவின் கனத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாவில் பாலித்தீன் சுருக்கங்களின் அச்சோடு பானட்டின் உட்பக்க வரிச்சட்டத்தின் அச்சும் பதிந்திருக்கும். அந்த வரிச்சட்டமும் அமுங்குவதற்காகவே மெலிதாகச் செய்யப்பட்டது. 7, 8 செ.மீ. இருந்தால் நல்ல இடைவெளி. எங்காவது 2, 3 செ.மீ. மட்டுமே இருந்தால், அது 1,700 வரை அனுமதிக்கப்பட்ட பகுதியாக இருக்கலாம், அல்லது பிற்பாடு யாரோ அங்கே எதையோ பொருத்தியிருக்கலாம். அளவில் பெரிய பேட்டரி மாற்றியவர்களும், ஹாரனுக்கான ரிலே பெட்டியைப் பானட்டுக்கு அடியில் வைத்தவர்களும் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். இது சோதனைக்கூட முடிவுக்கு மாற்று ஆகாது. நிறுவனம் விட்டுவைத்த இடைவெளி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் வழி மட்டுமே. முடிந்ததும் ஐந்து உருண்டைகளையும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

பிறகு டார்ச்சோடு குனிந்து பம்பரின் அடியில் பாருங்கள். வெளியே தெரியும் பிளாஸ்டிக் பம்பர் வெறும் போர்வை. அதற்கும் உள்ளே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே கருப்பு அல்லது வெள்ளை நிற நுரைக்கட்டையோ, சில மாடல்களில் அறை அறையான பிளாஸ்டிக் துண்டோ இருக்கும். முழங்காலைக் காப்பது அதுதான். பல மாடல்களில் பம்பரின் கீழ்விளிம்பிலும் சற்று விறைப்பான பட்டை ஒன்று இருக்கும். முழங்கால் மோதும் அதே நேரத்தில் அது கணுக்காலுக்கு மேற்பகுதியையும் தள்ளுவதால், கால் மூட்டில் மடியாமல் முழுதாக நகர்கிறது. வேகத்தடையில் உரசி உடைந்தது என்று அந்தப் பட்டையைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். உடைந்தால் அதே பாகத்தை வாங்கிப் பொருத்துங்கள்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். ஆக்சஸரீஸ் கடைகளில் கிராஷ் கார்டு, புல் பார் என்ற பெயர்களில் விற்கப்படும் இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே சொன்ன அத்தனையையும் ஒரே அடியில் அழித்துவிடுகிறது. அது நேராகச் சேஸியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், முனைகளில் போல்ட் போட்டு இறுக்கப்படுவதால் அமுங்க இடமே இல்லை. வளைய வேண்டிய பம்பருக்கு முன்னால் வளையாத குழாய் நிற்கிறது. குழந்தையின் தலை மட்டத்தில் நிற்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மோதலின் விசை சேஸிக்குப் போகும் விதம் மாறுவதால் ஏர்பேக் விரியும் நேரமும் குழம்பக்கூடும். மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று தெரிவித்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 182ஏ பிரிவு கூறுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அவை திறந்த கடைகளில் தொங்குகின்றன.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் வாங்கிய பழைய கார் ஒன்றில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கார்டை மெக்கானிக் அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார். ஆனால் பம்பரை இறக்கிப் பார்த்தபோது, கார்டின் தாங்கிகள் நுழைவதற்காக உள்ளே இருந்த நுரைக்கட்டை இரண்டு இடங்களில் கத்தியால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. கார்டு போன பிறகும் அந்த இரண்டு பள்ளங்கள் அப்படியே இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நிறுவனத்திலிருந்து வந்ததுபோலவே தெரிந்திருக்கும். ஆகவே கார்டைக் கழற்றச் சொல்லும்போதே பம்பரையும் இறக்கி, நுரைக்கட்டை முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பானட்டின் மேல் ஒட்டும் சிலைகள், கொடிக்கம்பிகள், கூர்மையான காற்றுத்துளை மூடிகள் ஆகியவையும் இதே வகைதான். வெளிப்புறத் துருத்தல்களைப் பற்றிய ஐ.நா.வின் 26ஆம் விதி, 10 மி.மீ.க்கு மேல் துருத்தும் அலங்காரம் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்திலேயே மடங்கவோ கழன்றுவிடவோ வேண்டும் என்கிறது. கட்டைவிரலால் பலமாகத் தள்ளிப் பாருங்கள், அசையாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

புதிய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்களை மோதவிட்டுச் சோதித்து மதிப்பிடும் திட்டமாக 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி.யின் நட்சத்திரங்கள் உள்ளே அமர்ந்திருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் காப்பதற்காகத் தரப்பட்டவை. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற ஏ.ஐ.எஸ். 100ஐ நிறைவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டுமே அதில் உண்டு; அதைத் தாண்டி எந்தக் கார் நடைபயணியை எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்று நட்சத்திரத்திலிருந்து ஒப்பிட முடியாது. ஐந்து நட்சத்திரம் பெற்ற உயரமான கார் ஒன்றையும் மூன்று பெற்ற தாழ்வான கார் ஒன்றையும் ஷோரூம் வாசலில் நிறுத்தி டேப் பிடிக்க விற்பனையாளர் அனுமதித்தால், அந்த அளவு உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும்.

விபத்துக்குப் பின் வண்டி பணிமனையிலிருந்து திரும்பும்போது, பில்லில் பம்பர் என்று ஒரே வரி இருந்தால் போதாது. நுரைக்கட்டை, கீழ்ப்பட்டை, பானட் கீல்கள் ஆகியவை தனித்தனி வரிகளாக உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன் மறுபடியும் டார்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்து மாவு உருண்டைகளை வைத்து, முன்பு குறித்துவைத்த அளவோடு ஒப்பிடுங்கள்.