துப்பாக்கிச் சூட்டுக் காயம்: கேஷுவால்டியில் தடயம் கெடாமல் பரிசோதிப்பது எப்படி?

உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் வழக்குக்குத் தேவையான தடயங்களில் பலவும் முதல் அரைமணி நேரத்திலேயே கத்தரிக்கோலிலும் ஸ்பிரிட் பஞ்சிலும் போய்விடுகின்றன. கொஞ்சம் கவனம் வைத்தால் இரண்டையும் காப்பாற்றலாம்.

சட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டுமென்றால் தையலோரமாக வெட்டுங்கள். குண்டு துளைத்த ஓட்டை வழியாகக் கத்தரி போகக் கூடாது. துணியை உதறவும் கூடாது. நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்துணி பூஞ்சை பிடித்துவிடும். கிட்டத்திலிருந்து சுட்டால் விழும் புகைக்கரி துணியிலேயே தங்கிவிட்டால் அடியில் தோல் சுத்தமாகத் தெரியும். துணியைப் பார்க்காமல் ‘தூரத்திலிருந்து சுட்டது’ என்று எழுதுவது இதனால்தான் தப்பாகிறது.

காயத்தைக் கழுவுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஈரப் பஞ்சால் ஓரத்தை மெல்லத் துடைத்துப் பாருங்கள். துடைத்ததும் போனால் அது புகைக்கரி. போகாமல் நிற்கும் செம்பழுப்புப் புள்ளிகள், வெடிமருந்துத் துகள் தோலில் பச்சை குத்தியதுபோல் இறங்கியவை. கைத்துப்பாக்கியில் கரி சுமார் 30 செ.மீ. வரையும், புள்ளிகள் சுமார் 60 செ.மீ. வரையும் விழலாம். ஆயுதமும் தோட்டாவும் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். எனவே தூரத்தை ஊகிக்காமல், புள்ளிகள் பரவிய அகலத்தை அளந்து எழுதுங்கள். தூரத்தைத் தடயவியல் ஆய்வகம் சுட்டுப் பார்த்துச் சொல்லும்.

குண்டு நுழைந்த துளையைச் சுற்றிச் சிராய்ப்பு வளையம் இருக்கும். வளையம் எந்தப் பக்கம் அகலமோ, அந்தப் பக்கமிருந்து குண்டு சாய்வாக வந்திருக்கிறது. ‘சின்னது நுழைவு, பெரியது வெளியேற்றம்’ என்ற பாடம் எப்போதும் கைகொடுக்காது: மண்டையில் அழுத்திச் சுட்டால் நுழைவுக் காயமே நட்சத்திரமாகக் கிழிந்து பெரிதாக இருக்கும். சந்தேகமிருந்தால் பெயர் வைக்காதீர்கள். நீளம், அகலம், உடலின் நடுக்கோட்டிலிருந்து தூரம், குதிகாலிலிருந்து உயரம் ஆகியவற்றை எழுதினாலே போதும்.

எக்ஸ்ரேயை இரு கோணங்களில் எடுங்கள். துளைகளையும் உள்ளே தங்கிய குண்டுகளையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும். ஒற்றைப்படை வந்தால் அக்குள், தலைமுடி, வாய், தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் திரும்பப் பாருங்கள். குண்டு உடைந்திருந்தாலும் கணக்கு இடிக்கும். நாட்டுத் துப்பாக்கியின் பால்ரஸ் (சிறு உலோக உருண்டை) காயத்துக்கு இது பொருந்தாது; அங்கே காயத்துக்குள் திணிப்புத் துணியோ நாரோ கிடந்தால் எடுத்து வையுங்கள்.

நெஞ்சில் டியூப் போடத் தனியாகக் கீறுங்கள். குண்டுத் துளை வழியாகப் போட வேண்டாம். அறுவைசிகிச்சையில் வெட்டியெடுத்த காய விளிம்பையும் தூக்கிப்போடக் கூடாது.

குண்டை விரலாலோ ரப்பர் உறையிட்ட ஃபோர்செப்ஸாலோ எடுங்கள். இரும்பு முனை பட்டால், எந்தத் துப்பாக்கி என்று சொல்லும், துப்பாக்கிக் குழல் பதித்த கீறல்கள் மேல் புதுக் கீறல் விழும். ஸ்டீல் டிரேயில் ‘டங்’கென்று போடுவதும் அதே கேடுதான். ரத்தத்தை லேசாக அலசி, உலர்த்தி, பஞ்சில் சுற்றி டப்பியில் வைத்து, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண், எடுத்த இடம், தேதி, நேரம் எழுதி சீல் வையுங்கள். காவலரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே டப்பியைக் கொடுங்கள்.