குழலை அளந்து குண்டு வாங்குங்கள்: தட்டை மூக்கு ஈயக் குண்டு, புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு ரைபிள் குண்டைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்கவே அக்கம்பக்கம் பார்க்கிற ஊர் இது. ஆனால் நம்மில் பலருக்கு நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். லீவுக்குப் போனால், "பன்றி வேட்டைக்கு வர்றியா?" என்று கேட்கிறார். எனக்கு அப்படிக் கேட்டவர் என் மனைவியின் அண்ணன். நியூசிலாந்தில் ஹாமில்டன் பக்கம் பல வருடங்களாக இருக்கிறார். நான் பிறையில் லேத் பட்டறைக்காரன். துப்பாக்கி தெரியாது, ஆனால் மைக்ரோமீட்டர் தெரியும். கடைசியில் அதுதான் கைகொடுத்தது.

தொடங்கும் முன் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம். பித்தளை உறை, வெடிமருந்து, பிரைமர், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. அந்த முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் குண்டு. இந்தக் கட்டுரை குண்டைப் பற்றியது. மருந்து அளந்து தோட்டா கட்டுவது வேறு பாடம், அதை உரிமமும் அனுபவமும் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்க வேண்டும்.

அடுத்து ஈயம். நம் ஊரில் ஈயம் என்றால் ஈபோ பக்கத்து ஈயச் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அதே உலோகம்தான். அது வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயத்தில். முன்னது சமையலறையில் இருக்கலாம், பின்னது அந்தப் பக்கமே வரக்கூடாது. நச்சு.

முதல் படி: எந்த ரைபிள் என்று பாருங்கள்

வேட்டைத் துப்பாக்கி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் கிராணி ஐயா வைத்திருந்ததாகத் தாத்தா சொன்ன இரட்டைக் குழல் துப்பாக்கிதான். அந்த ரகத்தில் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும், ஒரே வெடிப்பில் பல சிறு குண்டுகள் பறக்கும். ரைபிள் அப்படி இல்லை. குழலுக்குள் திருகாணி மரை போல முறுக்கிப் போகும் பள்ளங்கள் உண்டு. ஒற்றைக் குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிச் சுழன்று வெளியே வரும். சுழற்சிதான் அதை நேராகப் போக வைக்கிறது.

மச்சானுடையது லீவர் ரைபிள், அதாவது கீழே உள்ள கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரகம். அதற்கு .30-30 என்ற தோட்டா. 1894ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டருக்காக 1895ல் வந்த தோட்டா அது, இன்றும் விற்கிறது. இந்த ரக ரைபிளில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டி போல ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதாவது ஒரு குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிரைமர் என்பது தட்டினால் தீப்பிடிக்கிற இடம். குண்டின் மூக்கு கூராக இருந்து, சுடும்போது ரைபிள் பின்னால் உதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே குழாய் உள்ள லீவர் ரைபிளுக்குத் தட்டை மூக்கு முதலில் பாதுகாப்புச் சமாச்சாரம். வேட்டைப் பலன் அப்புறம்தான்.

இரண்டாம் படி: குழலை அளப்பது

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நானும் தாண்டினேன்.

முதல் தடவை ஒரு கடையில், "நல்ல கடினமான குண்டு, வேட்டைக்கு இதுதான்" என்று சொன்னதை நம்பி ஒரு பெட்டி வாங்கினோம். விட்டம் 0.308 அங்குலம். ரைபிளின் பெயரளவும் 0.308தானே, சரியாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஐந்து குண்டும் பரவாயில்லை. பத்தைத் தாண்டியதும் காகிதத்தில் ஓட்டைகள் சிதறின, ஒன்றிரண்டு சாவித் துவாரம் போல நீளமாக விழுந்திருந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பள்ளமெல்லாம் வெள்ளிச் சரிகை ஒட்டினாற்போல ஈயம் அப்பிக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருளைப் பிய்த்து பிரஷ்ஷில் சுற்றி, இரண்டு சாயங்காலம் தேய்த்தேன்.

காரணம் என்னவென்றால், குண்டு பள்ளத்தை நிரப்பவில்லை. இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிட்டு, குண்டின் ஓரத்தை அரித்துக் குழலில் பூசிவிட்டது. குண்டு கடினமாக இருந்ததால் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் விரிந்து இடுக்கை அடைக்கவும் முடியவில்லை.

மச்சான் அன்றைக்குச் சொன்னது: "மாப்ளே, காலை அளக்காம செருப்பு வாங்கிட்டோம்."

அளக்கும் விதம் இதுதான். ரைபிளில் தோட்டா இல்லை என்பதை லீவரைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். குழலுக்குள் லேசாக எண்ணெய் விடுங்கள். குழல் வாயைவிட ஒரு மயிரிழை பெரிய, மிருதுவான ஈயத் துண்டு வேண்டும். நான் அடுத்த பயணத்தில் பெட்டிக்குள் நான்கு மீன்பிடி ஈயம் போட்டுக்கொண்டு போனேன். நம் தூண்டில்காரர்கள் மலாயில் "பத்து லாடுங்" என்பார்களே (பத்து என்றால் கல்), முட்டை வடிவத்தில், அதுதான். கலப்பு அதிகம் இல்லாத மெத்தென்ற ஈயம், இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது போல.

அதைக் குழல் வாயில் வைத்து மரச் சுத்தியால் தட்டினால், ஓரத்தில் மோதிரம் போல ஒரு வளையம் சீவிக்கொண்டு உள்ளே இறங்கும். பிறகு பித்தளைக் கம்பியை விட்டு மெதுவாகத் தட்டித் தட்டி மறுமுனைக்குத் தள்ளுங்கள். முதலில் இறுக்கம், அப்புறம் ஒரே சீராக நகரும். நடுவில் திடீரென்று லேசாகிப் போனால் அந்த இடத்தில் குழல் அகலம் என்று தெரிந்துகொள்ளலாம். அதைக் கைதான் சொல்லும், எந்தக் கருவியும் சொல்லாது. லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு புரியும்.

வெளியே வரும் துண்டில் குழலின் பள்ளம் மேடாகவும், மேடு பள்ளமாகவும் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே மைக்ரோமீட்டரால் அளங்கள். வெர்னியர் போதாது, ஏனென்றால் இங்கே சண்டையே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத்தான். மில்லிமீட்டரில் அது 0.0254. எங்களுக்குக் கிடைத்த அளவு 0.3085.

குண்டு இதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். எங்களுக்கு 0.310 பொருந்தியது. அப்படிப் பெரிதாக்கிய குண்டோடு கட்டிய தோட்டா, குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள் நெருக்காமல் நுழைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மூக்கு

ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி விரல் நுனியால் குத்திப் பாருங்கள். விரல் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதே வேகத்தில் உள்ளங்கையால் அடியுங்கள். தண்ணீர் நான்கு பக்கமும் சிதறி உங்கள் சட்டை நனையும். கூர் மூக்குக்கும் தட்டை மூக்குக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

செம்பு உறை போட்ட வேட்டைக் குண்டுகள் அதிவேகமாகப் போய், உடலில் பட்டதும் காளான் போல விரிந்து வேலை செய்கின்றன. வார்த்த ஈயக் குண்டை அந்த வேகத்தில் விரட்ட முடியாது. .30-30ல் விநாடிக்கு 1600 முதல் 2000 அடி வரைதான் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த வேகத்தில் கடினமான ஈயம் சரியாக விரியாது. உருண்டை மூக்காக இருந்தால் சதையை விலக்கிக்கொண்டு மெல்லிய துளையோடு மறுபக்கம் போய்விடும், அடிபட்ட பன்றி புதருக்குள் ஓடிப் பல மணி நேரம் துடிக்கும். தட்டை மூக்கு விரியத் தேவையில்லை. அது ஏற்கெனவே அகலமாக இருக்கிறது. வழியில் உள்ளதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நேராகவும் போகும்.

இந்தத் தட்டைப் பரப்புக்கு மெப்லா என்று பெயர், பிரெஞ்சு வார்த்தை. எவ்வளவு அகலம் வேண்டும்? குண்டின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. .30 குண்டுக்கு அது சுமார் 5 மில்லிமீட்டர். பெயருக்குத் தட்டை என்று சொல்லி நுனியில் உளுந்து அகலம் மட்டும் வைத்திருக்கும் குண்டுகளும் விற்கின்றன. விளம்பரப் படத்தை நம்பாமல் அளந்து வாங்குங்கள். ரொம்ப அகலமும் வேண்டாம், லீவரை இழுக்கும்போது அறை வாயில் இடித்து நின்றுவிடும். காற்றும் அதிகம் எதிர்க்கும்.

நான்காம் படி: கடினம்

கடினத்தைப் பிரினெல் எண்ணில் சொல்வார்கள், சுவீடன்காரர் பிரினெல் 1900ல் கொடுத்த முறை. சுத்தக் காரீயம் சுமார் 5. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. கார் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைகளும் கிட்டத்தட்ட அதே அளவு. லைமன் 2 என்ற கலவை, அதாவது காரீயம் 90, வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5, சுமார் 15. அந்தக் காலத்து லைனோடைப் அச்செழுத்து ஈயம் 22 வரை போகும்.

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்பார்கள். கடைக்காரர்களும் மிருது ஈயத்தைப் பார்த்து அப்படித்தான் இளிக்கிறார்கள், எண் ஏற ஏற நல்லது என்று விற்கிறார்கள். வேட்டைக்கு அது பொருந்தாது. 22 கடினமுள்ள குண்டு எலும்பில் பட்டால் கண்ணாடி போல உடையக்கூடும். மிருது அதிகமானால் குழலில் வழுக்கி, பள்ளத்தைப் பிடிக்காது. .30-30 வேகத்துக்கு 10 முதல் 15க்குள் எடுங்கள். நாங்கள் 12க்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

குண்டின் அடிப்பாகத்தில் ஒரு சின்னச் செம்புக் கிண்ணம் மாட்டியிருந்தால் அது கேஸ் செக். சூடான வாயு ஈயத்தை நேராகத் தாக்காமல் தடுக்கும். இந்த வேகத்துக்கு அது இருப்பதையே வாங்குங்கள். பக்கத்துக் காடிகளில் மெழுகு இருக்கலாம், அல்லது பவுடர் கோட்டிங் என்ற வண்ணப் பூச்சு இருக்கலாம். இரண்டும் சரிதான். பூச்சு போட்டது கையில் ஈயம் ஒட்டாது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

ஐந்தாம் படி: எடை

இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. .30-30க்கு 150 முதல் 180 கிரெயின். பன்றிக்கு 170 எடுங்கள். 170 கிரெயின் என்பது 11 கிராம், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆறாம் படி: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

முதலில் மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாக்களைக் குழாயில் போட்டு லீவரை இழுத்துப் பாருங்கள். சிக்காமல் ஏறி இறங்க வேண்டும். தோட்டாவின் மொத்த நீளம் 2.550 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

பிறகு சுத்தமான குழலோடு 50 மீட்டரில் ஐந்து குண்டு. தட்டை மூக்கு காகிதத்தில் பஞ்ச் மெஷின் போட்டது போல வட்டமாக வெட்டும், அந்த ஓட்டையைப் பார்ப்பதே ஒரு திருப்தி. இருபது குண்டுக்குப் பிறகு குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். சரிகை இல்லையென்றால் அளவு சரி. அப்புறம் 100 மீட்டரில் குறியைச் சரிசெய்யுங்கள். அங்கே சரியாகப் படுகிற குண்டு 150 மீட்டரில் ஐந்து அங்குலம் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே புதியவருக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் நிற்கும் பன்றியை விட்டுவிடுங்கள். நான் விட்டிருக்கிறேன், மச்சான் இன்னும் கேலி செய்கிறார்.

குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தோசையைத் தொடாதீர்கள். இறைச்சி வெட்டும்போது குண்டு போன தடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் இன்னும் தாராளமாக.

ஏழாம் படி: உரிமம், திரும்பி வரும் பெட்டி

நியூசிலாந்தில் வெளிநாட்டுப் பயணிக்கென்று தனித் துப்பாக்கி உரிமம் உண்டு, போவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். தனியார் நிலமென்றால் சொந்தக்காரர் அனுமதி, அரசுக் காடென்றால் வேட்டை அனுமதிச் சீட்டு.

நம் நாட்டுக்குத் திரும்பும்போது ஞாபகத்துக்கென்று தோட்டாவோ வெற்று உறையோ குண்டோ எதுவும் வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதத் தண்டனைச் சட்டமும் விளையாட்டுக்கு எழுதியவை அல்ல. போன தடவை கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, என் மனைவி துணி மடிக்கும்போது என் வேட்டைக் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு முழுத் தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரும் பேசவில்லை. மச்சான் அதை எடுத்துப்போய் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். கோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அளப்பதற்கு ஒன்று போக, மீதி மூன்று ஈயக் கற்கள் மட்டும் என்னோடு திரும்பி வந்தன. போன ஞாயிற்றுக்கிழமை பாகான் ஆஜாம் கரையில் அதில் ஒன்று கல்லிடுக்கில் மாட்டி, நூலோடு அறுந்து போய்விட்டது.