மங்கிய ஒளியில் மட்டி வளர்ப்பது எப்படி

கடல்நீர்த் தொட்டியில் மட்டி வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் நீலமும் பச்சையும் மின்னும் ட்ரைடாக்னா இனத்தையே முதலில் தேடுகிறார்கள். அதன் சதைமடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதற்கு ஊட்டுவதால், வலுவான விளக்கு இல்லாத தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் இறந்துவிடும். அதோடு, இந்தியக் கடல்களில் வாழும் ட்ரைடாக்னா இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம்.

குறைந்த ஒளிக்கும் குறைந்த செலவுக்கும் ஏற்றவை, மணலில் புதைந்து நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகளே. பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டை வெள்ளாறு ஆகிய உப்பங்கழிகளில் கிடைக்கும் மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்ற மட்டியை நான் பரிந்துரைப்பேன். உப்புத்தன்மையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் இந்த மட்டிக்கு ஒளி தேவையே இல்லை. நாம் பார்ப்பதற்கு ஒரு சிறு எல்இடி விளக்கு போதும். விளக்கில் மிச்சமாகும் பணத்தை உணவுக்குச் செலவிட வேண்டும்.

ஐம்பது லிட்டர் தொட்டியில் நான்கைந்து மட்டிகளுக்கு மேல் வேண்டாம். அடியில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நன்கு கழுவிய மென்மணலைப் பரப்புங்கள். மட்டி எடுத்த இடத்து நீரின் உப்புத்தன்மையை அளந்து, தொட்டி நீரையும் அதே அளவில் தயாரிப்பது நல்லது. முழுக் கடல்நீருக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கலவை வேண்டும். கழிநீரில் உப்பு குறைவாக இருந்தால் அந்தச் செலவும் குறையும். சமையல் உப்பு இதற்கு உதவாது. காற்றுக்குழாயை ஓடவிட்டு, மட்டிகளுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகும் வரை, அவற்றைத் தொட்டியில் விடாமல் காத்திருங்கள். பொதுவாக இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வெயில் காலத்தில் நீர் வற்றி உப்பு ஏறும் என்பதால், குறையும் அளவுக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்ற வேண்டும்.

உணவில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். என் முதல் தொட்டியின் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அந்தத் தெளிவுதான் மட்டிகளுக்குப் பட்டினி என்பது, மூன்றாம் மாதத்தில் அவை ஒவ்வொன்றாக வாய் பிளந்தபோதே எனக்குப் புரிந்தது.

மட்டிகள் நீரிலிருந்து வடிகட்டி உண்ணும் நுண்பாசியை வீட்டிலேயே வளர்க்கலாம். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், கொதிக்கவைத்து ஆறவிட்ட உப்புநீரை நிரப்பி, பாசிக்கு உரமாகும் எஃப்/2 என்ற ஊட்டக்கரைசலையும், விதையாகச் சிறிது தாய்ப்பாசியையும் சேர்த்து, காற்றுக்குழாய் விட்டு, டியூப்லைட் அருகே வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நிறம் அடர்ந்துவிடும். நானோகுளோரோப்சிஸ் என்ற நுண்பாசி எளிதில் வளரும், ஆனால் அதன் செல்சுவர் தடித்தது என்பதால் மட்டிகளுக்கு அவ்வளவாகச் செரிக்காது. பொன்பழுப்பு நிற ஐசோகிரைசிஸ் அதைவிடச் சத்தானது. அதன் தஹிட்டி வகை வெப்பத்தைத் தாங்குவதால் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். முடிந்தால் இரண்டையும் கலந்து கொடுங்கள்.

தொட்டியில் வடிகட்டி இருந்தால், உணவு தரும்போது அதை ஒரு மணி நேரம் நிறுத்தி, நீரில் மெல்லிய நிறம் படியும் அளவுக்கு மட்டும் பாசியை ஊற்றுங்கள். சற்று நேரத்தில், மணலின் மேல் மூக்குக்கண்ணாடியின் இரு வளையங்களைப் போல அருகருகே இரண்டு சிறு துளைகள் திறப்பதைக் காணலாம். நீரை உள்ளிழுக்கவும் வெளியேற்றவும் மட்டி நீட்டும் குழல்களின் வாய்கள் அவை. காலையில் ஊற்றிய நிறம் மாலைக்குள் தெளிந்தால் அளவு சரி. மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

தாமிரம் கலந்த மீன்மருந்து மட்டிகளைக் கொன்றுவிடும்; அது தொட்டிப் பக்கமே வரக் கூடாது. நண்டும் பேத்தை மீனும் உடன் இருக்கக் கூடாது. மணலுக்கு மேலே வந்து கிடக்கும் மட்டியின் ஓட்டைத் தினமும் மெல்லத் தட்டிப் பாருங்கள்: உயிருள்ளது ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். மூடாமல் பிளந்தே கிடப்பதை அப்போதே அகற்றிவிடுங்கள். சிறிய தொட்டியில் ஒன்று அழுகினாலும் அம்மோனியா ஏறி, ஒரே இரவில் மற்றவையும் மடியக்கூடும்.